ஏழை விண்ணப்பதாரியும் எழுதிக் கொடுத்தவனும்

மனு எழுதிக் கொடுப்பவனுக்கு நல்ல கையெழுத்து வேண்டும், பொறுமை வேண்டும், அடுத்தவன் முதுகை அவனுக்கே தெரியாமல் வளைக்கவும் தெரிய வேண்டும். முதல் இரண்டும் என்னிடம் குறைவு. மூன்றாவதில் இருபத்தாறு வருடமாகப் பெயர் எடுத்தவன் நான்.

கல்முனையில் கந்தோர்கள், அதாவது அரசாங்க அலுவலகங்கள், நெருக்கமாக இருக்கிற தெருவில், ஒரு போட்டோகொப்பிக் கடையின் தாழ்வாரத்தில் என் மேசை இருக்கிறது. முன்பு டைப் மெசின், இப்போது கம்பியூட்டர். காணித் தகராறு, வாய்க்கால் தண்ணீர், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, வீட்டு வாசலை மறைத்து நட்ட மின்கம்பம் என்று எது வந்தாலும் எழுதுவேன். சனங்கள் இதைப் பெட்டிசம் என்பார்கள். நான் கொஞ்சம் கௌரவமாக விண்ணப்பம் என்பேன்.

ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கால் கடுக்க நின்று, “நாளைக்கு வாங்க” என்ற பதிலோடு திரும்பிய சகோதர சகோதரிகளே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களில் சிலருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கவும் கூடும். அப்படியென்றால் வாசிப்பதற்கு முன்பே மன்னித்துவிடுங்கள். வாசித்த பிறகு மனம் மாறலாம்.

பத்து ஏக்கர் ஏழை

இந்த மேசையை எனக்கு விட்டுவிட்டுப் போனவர் கூடவே ஒரு வசனத்தையும் விட்டுப் போனார். “மேன்மை தங்கிய ஐயா, கதியற்ற நிலையில் தங்கள் பாதம் பணிந்து நிற்கும் ஏழை விண்ணப்பதாரி தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வதாவது.” வந்தவர் யாராக இருந்தாலும் இந்த வாசலால்தான் உள்ளே போக வேண்டும். விசயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் சம்மாந்துறையிலிருந்து ஒரு போடியார், பெரிய வயல்காரர், வந்தார். பத்து ஏக்கர் வயல், சொந்த உழவு மெசின், மணிக்கட்டில் தடித்த மணிக்கூடு. வாய்க்காலின் மேல்பக்கத்துக்காரர்கள் தண்ணீரை மறிக்கிறார்கள், கடைசி வயல்வரை வருவதில்லை என்பது அவருடைய முறைப்பாடு. நான் வழக்கம்போல அவரைக் கதியற்றவராக்கி, ஏழையாக்கி, ஒரு நேரக் கஞ்சிக்கும் வழியில்லாத குடும்பஸ்தராக்கி, தண்ணீர் கேட்டேன். மனிதர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஆற அமர ஒவ்வொரு வரியாக வாசித்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. பிறகு கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“இது ஆர்ர கடிதம் தம்பி? இந்த மனிசன்ட நிலைமையப் பாத்தா, நானே ஏதாச்சும் குடுக்கணும் போல இரிக்கி.”

ஆறாவது தரம்

போடியாரிடம் வாங்கிக் கட்டியும் எனக்குப் புத்தி வரவில்லை. ஏழை என்று போட்டால்தான் கந்தோரில் இரக்கம் பிறக்கும் என்று நம்பினேன். எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவின் வயதான ஒருவர், தன் வீட்டு எல்லை வேலி சம்பந்தமாக எழுதவந்தபோதுதான் ஒரே ஒரு திருத்தம் செய்தேன். லுஹர் தொழுகை முடித்து நேரே என்னிடம் வந்தவர், நெற்றியில் பாயின் அடையாளம்கூட மாறவில்லை. “பாதம் பணிந்து” என்ற இடத்தில் விரலை வைத்து, இதை எடுத்துவிடச் சொன்னார். எல்லாரும் போடுகிறதுதான், சும்மா ஒரு மரியாதைக்கு என்று நான் சமாளித்தேன்.

“தம்பி, நான் ஒரு நாளைக்கு அஞ்சு தரம் குனியிறன். ஆறாவது தரத்துக்கு முழங்கால் விடுதில்ல” என்றார்.

ஏழை என்ற ஃபைல்

கம்பியூட்டர் வந்ததும் என் பாவத்துக்கு வேகம் கூடியது. அந்த முதல் பந்தியைத் திரும்பத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. ‘ஏழை ஆண்’ என்று ஒரு ஃபைல், ‘ஏழை பெண்’ என்று இன்னொரு ஃபைல். ஆள் வந்தால் திறப்பேன், பெயரையும் விலாசத்தையும் மாற்றுவேன், நடுவில் விசயத்தைச் செருகுவேன். பத்து நிமிடத்தில் ஒரு ஏழை தயார். கடைசியாக வந்தவருடைய துன்பம் சில வேளை அழிபடாமல் அடுத்தவர் தலையில் போய் உட்கார்ந்துவிடும். ஒருமுறை கலியாணமே ஆகாத ஒரு பையனுக்கு, கடிதத்தில் கலியாண வயதுக் குமர்ப்பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். அவன் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தக் கடிதங்கள் போய்ச் சேருகிற கந்தோரில், மேல்மாடியில் ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார். பெயர் வேண்டாம், மரியாதைக்கு ஒரு ‘சேர்’ (சார்) போட்டு மேல்மாடி சேர் என்றே சொல்கிறேன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு கட்டுக் கடிதங்களை முன்னால் தள்ளினார். எல்லாம் என் மேசையிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே கதியற்ற நிலை. பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் சிரித்தேன். அவர் சிரிக்காமல் சொன்னார்.

“லத்தீப், ஒங்கட முதல் பந்திய நாங்க வாசிக்கிறல்ல. அதில ஆள் இல்ல. ரெண்டாம் பந்தியிலதான் ஆள் வந்து கதவத் தட்டுறார்.”

விண்ணுக்கு வழி

எனக்கு ஒரு சொல்லாராய்ச்சியும் இருந்தது. விண்ணப்பம் என்ற சொல்லில் ‘விண்’ இருக்கிறதல்லவா? கீழே நிற்கிறவன் மேலே பார்த்துக் கேட்பதுதான் விண்ணப்பம், கந்தோர் வானம், நாம் தரை என்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வேன். தலையாட்டிக் கேட்பார்கள். படித்தவன் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்கள். என் தாழ்மைக்கெல்லாம் இந்தச் சொல்லையே சாட்சியாக நிறுத்தி வைத்திருந்தேன்.

காரைதீவிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவர், எங்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணனை அழைப்பதுபோல என்னைக் காக்கா என்றார். இடமாற்றக் கடிதத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார், அடித்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. கை சும்மா இருக்குமா? மேலே கதியற்ற நிலையையும் கீழே தாழ்மையுள்ள விண்ணப்பதாரியையும் சேர்த்துவிட்டேன். மனுசன் பேனையை எடுத்து இரண்டையும் வெட்டினார். நான் என் விண் ஆராய்ச்சியை எடுத்துவிட்டேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். வடமொழிப் பக்கமிருந்து வந்து, நம் வாயில் தேய்ந்து உருமாறிய சொல்லாம். அதன் முதல் அர்த்தம் தெரியப்படுத்துவது, அறிவிப்பது. ‘தாரி’ என்றால் உடையவன், தாங்குகிறவன். ஆக, விண்ணப்பதாரி என்றால் தெரியப்படுத்த ஒரு விசயத்தோடு வந்து நிற்கிறவன். இரப்பதும் கெஞ்சுவதும் அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை, அது பிறகு நாங்கள் ஏற்றிய சுமை என்றார்.

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. பணிவு நல்லதுதானே சேர், கொஞ்சம் குனிந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். வாத்தியார் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டே எழும்பினார்.

“கீழ விழுந்தத எடுக்கக் குனியலாம் காக்கா. சொல்ல வந்தவன் என்னத்துக்குக் குனியணும்?”

பென்சில் புள்ளடி

வாத்தியார் சொன்னது சரியென்று அன்றைக்கே தெரியும். தெரிந்தும் ஃபைலை மாற்றவில்லை. சோம்பல் ஒரு பக்கம், கர்வம் ஒரு பக்கம். அன்று மாற்றியிருந்தால் இனிச் சொல்லப் போகிற விசயம் நடந்திராது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் விடுவது இன்னும் வெட்கம்.

பரீதா என்ற பெண் சாய்ந்தமருதுப் பக்கமிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். புருசன் முபாரக், ஆழ்கடல் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். பதினைந்து நாளில் திரும்ப வேண்டிய போட், எழுபது நாளாகியும் வரவில்லை. கூடப் போன மூன்று பேரைப் பற்றியும் தகவல் இல்லை. தேடுவதற்குக் கந்தோரில் ஒரு ஃபைல் திறந்ததோடு சரி. அவள் அழவில்லை. கொப்பித் தாள் ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். போட்டின் இலக்கம், அதன் நிறம், புறப்பட்ட நாள், கடைசியாகத் தொடர்பு கிடைத்த நேரம், முபாரக்கின் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு. எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டுப் போய், வேறு நாட்டுக் கரையில் ஒதுங்கி, மாதக் கணக்கில் கழித்துத் திரும்பியவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டுக் கரைகளில், ஆஸ்பத்திரிகளில், மறியல் என்கிற சிறைகளில் விசாரிக்கச் சொல்லிக் கந்தோர் மூலமாக எழுத வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் ‘ஏழை பெண்’ ஃபைலைத் திறந்தேன். கடைசியாக அதில் எழுதியது ஒரு கைம்பெண்ணுக்கு. “கணவனை இழந்து விதவையாகி, நாதியற்று நிற்கும் ஏழை விண்ணப்பதாரி” என்று அதில் கிடந்தது. கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று உங்களுக்குச் சொல்லலாம், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் நான் கண்டேன். கண்டுவிட்டு, கிடக்கட்டும் என்று விட்டேன். எழுபது நாள் கடலில் என்றால் என் மனதில் அந்த மனிதருடைய கணக்கு முடிந்திருந்தது. தேடச் சொல்கிற கடிதம் தட்டின் அடியில் கிடக்கும், விதவையின் கடிதம் மேலே வரும் என்பது என் தொழில் மூளை. உதவிப் பணத்துக்கும் ஒரு வரி சேர்த்தேன். அவள் கேட்ட தேடுதல் இரண்டாம் பந்தியின் நடுவில் ஒரு வசனமாகப் போய் ஒதுங்கியது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் கடை பூட்டுகிற நேரம். அவள் முதல் வரியில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினாள். எழுத்துக் கூட்டி, மெல்ல வாசிக்கிறவள். நான் அவசரப்படுத்தினேன். கையொப்பம் வைக்கிற இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டுக் கொடுப்பது என் வழக்கம். அந்தப் புள்ளடியைப் பார்த்ததும் எல்லாருடைய கண்ணும் கடிதத்தை விட்டு அங்கே போய்விடும். அவளும் ஒப்பம் வைத்தாள். தாளை மடிக்கும்போது ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவள் கேட்டது இதுதான்.

“தேடச் சொல்லித்தானே எழுதியிரிக்கிறயள் காக்கா?”

வெள்ளைச் சீலை

என் தொழில் மூளை பிழைக்கவில்லை, கடிதம் மேலேதான் வந்தது. விதவை என்று இருந்ததால் அறிக்கை கேட்டு, கிராமத்து உத்தியோகத்தரான விதானையாரிடம் போயிற்று. விதானையார் பள்ளிவாசலில் விசாரித்தார். புருசன் மவுத்தானது எப்போது, இறந்த உடலான ஜனாஸா கிடைத்ததா என்று கேட்டார். பள்ளி நிர்வாகிகளான மரைக்கார்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாத செய்தி. ஆனால் அவளே ஒப்பம் வைத்துக் கொடுத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? கதை பள்ளி வாசலைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? அஸர் தொழுகைக்கு முன்பே தெரு முழுக்கப் பரவிவிட்டது.

புருசன் மவுத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பரீதா இருக்கவில்லை. கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருந்தாள். கடிதத்தில் விதவை, தெருவில் நடமாட்டம் என்றால் சனங்கள் என்ன கதைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளுடைய மாமியார், முபாரக்கின் உம்மா, அவளுடன் கதைப்பதை நிறுத்திவிட்டா. அதைவிடப் பெரியது கந்தோரில் நடந்தது. மனைவியே இழந்துவிட்டதாக எழுதிய பிறகு யாரைத் தேடுவது என்று, தேடுதலுக்காக முன்பே திறந்திருந்த ஃபைலை மூடிவிட்டார்கள். இத்தாவில் உட்கார்ந்தால் அதைத் திறக்கச் சொல்ல அவளால் போக முடியாது. போனால் சனங்களின் வாயை மூட முடியாது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பகல் சாப்பாட்டில். என் மனைவி ஹாஜரா, எங்கள் தெருவின் நாலைந்து பெண்களோடு, ஒரு வெள்ளைச் சீலையும் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் வந்திருந்தா. ஆறுதல் சொல்லப் போனவர்கள். சீலையைப் பரீதா வாங்கவில்லையாம், கோபிக்கவும் இல்லையாம். ஹாஜரா சோற்றைப் போட்டுவிட்டு, கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தா.

“புருசன் மவுத்தான விசயம் தனக்குத் தெரியாதாம். பெட்டிசம் எழுதினவருக்கு மட்டுந்தான் தெரியுமாம். அப்பிடித்தான் சொன்னா அந்தப் புள்ள.”

அவளுக்கு முன்னால் இரண்டு பேர்

சோற்றை மூடிவைத்துவிட்டு எழும்பினேன். அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரீதாவின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைப் பக்கம் போனேன். திரும்புகிற இடம்வரை போய், திரும்பாமல் நேரே கடற்கரைக்குப் போய்விட்டேன். அடுத்த கிழமையும் அதே கதை. என்ன சொல்வது? தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். தெரிந்துதான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் வசனம் எழுதிக் கொடுத்தவனுக்கு, தனக்கென்று ஒரு வசனம் கிடைக்கவில்லை. இப்படியே நாட்கள் போயின.

அவளே வந்தாள். கறுப்பு அபாயா, கையில் அந்தக் கடிதத்தின் பிரதி. முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். சண்டை பிடிக்க வந்தவள் வரிசையில் நிற்பாளா? அவள் நின்றாள். அந்த இரண்டு பேருக்கும் நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அவளுடைய முறை வந்ததும் கதிரையில் உட்கார்ந்து, இன்னொரு கடிதம் எழுத வேண்டும், இந்தத் தரம் தான் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும் என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஃபைல் எதையும் திறக்காமல் வெறும் பக்கத்தில் அடித்தேன்.

அவள் சொன்னது பத்து வரிகூட வராது. என் புருசன் இந்தத் திகதியில் இந்தப் போட்டில் கடலுக்குப் போனார். கூடப் போனவர்கள் மூன்று பேர். திரும்பி வரவில்லை. அவர் மவுத்தானதை யாரும் காணவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் கடிதத்தில் அப்படி எழுதியிருப்பது என் சொல் அல்ல. மூடிய ஃபைலைத் திறந்து அவரைத் தேடுங்கள். இடையில் ஒரு ‘தயவுகூர்ந்து’வாவது போடட்டுமா என்று என் கை பழக்கத்தில் நின்றது, அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கேட்டுக்கொண்டே அடிக்கும்போதுதான் காரைதீவு வாத்தியார் சொன்னது எனக்கு முழுதாக விளங்கிற்று. ஒரு மனுசி வந்து நடந்ததைத் தெரியப்படுத்துகிறாள். அவ்வளவுதான் விண்ணப்பம்.

முடித்துவிட்டு, பெயருக்கு மேலே என்ன போடுவது என்று கேட்டேன். தாழ்மையுள்ள என்று கேட்க நாக்கு எழவில்லை. விண்ணப்பதாரி என்று மட்டும் போடவா என்றேன்.

“முபாரக்ட பெண்சாதி எண்டு போடுங்க” என்றாள். “வேற ஒண்டும் வேணாம்.”

கீழே போட்ட பெயர்

அவளுடைய கடிதம் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒப்பத்தில் முதல் கடிதம் விதவை என்கிறது, இரண்டாவது கடிதம் இல்லை என்கிறது. கந்தோர் எதை நம்பும்? பொய் சொல்கிறாள் என்ற பெயரும் சேர்ந்து வரும். ஆகவே நானும் ஒரு கடிதம் எழுதப் போகிறேன், கொஞ்சம் இருங்கள் என்றேன். அவள் இருந்தாள். என் வாழ்க்கையில் எனக்காக நான் எழுதிய முதல் மனு அது. வெயில் மேசைக் காலைத் தொட்டு, மேசைமேல் ஏறும்வரை எழுதினேன். பாவியாகிய, அறிவீனனாகிய, மன்னிக்கத் தகுதியற்ற என்று மூன்று பந்தி. கடைசியில், இந்தத் தரம் உண்மையாகவே உணர்ந்து, ‘தங்கள் தாழ்மையுள்ள ஏழை விண்ணப்பதாரி’ என்று போட்டேன். எழுதி முடித்தபோது மனம் கொஞ்சம் லேசாகிவிட்டது என்றும் சொல்ல வேண்டும். அதுவும் வெட்கம்தான்.

புள்ளடி போடவில்லை. வாசித்துப் பாருங்கள், அவசரமில்லை என்று அவளிடம் கொடுத்தேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தாள். கடைக்காரர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு என் பேனையைக் கேட்டு வாங்கி, பாவியை வெட்டினாள், அறிவீனனை வெட்டினாள், கடைசியில் தாழ்மையையும் ஏழையையும் வெட்டினாள். என் மூன்று பந்தியில் மிஞ்சியது ஒரே ஒரு வசனம். அதிலும் ‘தவறுதலாக’ என்ற சொல்லில் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தினேன். அதையும் வெட்டிய பிறகு நின்றது இவ்வளவுதான்: “விதவை என்ற சொல்லை பரீதா சொல்லவில்லை, நானே போட்டேன்.” தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நீங்க குனிஞ்சா எனக்கு என்ன லாபம் காக்கா? எழுதின ஆள் நான்தான் எண்டு கீழ பேரப் போடுங்க.”

போட்டேன். முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம். இரண்டு கடிதங்களையும் மேல்மாடிக்கு நானே கொண்டுபோனேன். சேர் என்னுடையதை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். முதல் தரமாக உங்கள் கடிதத்தில் முதல் பந்தியிலேயே ஆள் நிற்கிறார் என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. பள்ளியிலும் போய்ச் சொன்னேன். ஜும்ஆ முடிந்து சனம் கலைவதற்கு முன்பு எழும்பி நின்று சொன்னேன். மூடிய ஃபைலைத் திறந்து, வெளிநாட்டுக் கரைகளுக்கு விசாரணை அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை பதில் இல்லை. முபாரக்கின் உம்மா மருமகளோடு கதைக்கத் தொடங்கிவிட்டாவாம். அந்த ஃபைல் மூடிக்கிடந்தது நாற்பது நாள். அந்த நாற்பது நாளில் எந்தக் கரையில் யார் யாரைத் தேடாமல் விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. பரீதா ஒவ்வொரு மாதமும் கந்தோருக்கு வருகிறாள். என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸலாம் சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு இப்போது கடிதம் எழுத ஆள் தேவையில்லை.

‘ஏழை’ ஃபைல் இரண்டையும் அழித்துவிட்டேன் என்றாலும், விண்ணப்பதாரி என்ற ஒரு சொல்லின் அர்த்தத்தைப் படித்து முடிக்க எனக்கு இருபத்தாறு வருடமும் நாற்பது நாளும் சென்றிருக்கின்றன, அதில் இருபத்தாறு வருடம்தான் என்னுடையது.